சஃபா உட்காராத கட்டில்

தலியாஹுன் ஊரில் யாருக்குக் கட்டில் வேண்டுமென்றாலும் சஃபாவிடம்தான் போவார்கள். கெனமா நகரத்துக் கடைகளில் இரும்புக் கட்டில் வந்து ஐந்தாறு வருஷமாகிவிட்டது. லாரியில் ஏற்றி ஊருக்கே கொண்டுவந்து இறக்கவும் ஆள் இருந்தது. ஆனாலும் மக்கள் சஃபாவின் மரக்கட்டிலையே கேட்டார்கள்.

அவன் கட்டிலைப் பட்டறையில் முடித்துக் கொடுத்துவிடுகிற ஆள் இல்லை. கால்களையும் பலகைகளையும் தனித்தனியாகத் தலையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவருவான். எந்த அறையில், எந்தச் சுவரோரம் கட்டில் நிற்கப்போகிறதோ அங்கேயே வைத்துப் பூட்டுவான். மண் தரை வீட்டுக்கு வீடு வேறு மாதிரி. பட்டறைத் தரையில் நேராக நிற்கிற கட்டில் படுக்கையறைத் தரையில் நொண்டும். அதனால் பூட்டி முடித்ததும் வீட்டுக்காரர்கள் பார்க்க அதன்மேல் மூன்று தடவை உட்காருவான். தலைமாட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. முழுப் பாரத்தையும் போட்டுப் பொத்தென்று உட்காருவான். எங்காவது முனகல் கேட்டால் அந்த இடத்தை இழைப்பான், ஆப்பு வைப்பான், மறுபடி உட்காருவான். சத்தம் அடங்கிய பிறகுதான் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு கிளம்புவான். பதினொரு வருஷமாக, ஊர்த்தலைவர் வீட்டிலிருந்து தொழுகைக்கு அழைக்கிறவர் வீடு வரை, அவன் உட்காராத கட்டில் ஊரில் இல்லை.

மியாட்டா அம்மாவின் கட்டிலில்தான் அவனால் உட்கார முடியவில்லை.

மழைக்காலத்தின் நடுவில், ஒரு வியாழக்கிழமை காலையில் அந்தக் கட்டிலைப் பூட்டினான். கெட்டியான இரோக்கோ மரம். தலைமாட்டில் அவன் வழக்கமாகச் செதுக்காத இலைக்கொடி ஒன்றைச் செதுக்கியிருந்தான். மியாட்டாவுக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கும். கணவர் போன பிறகு பன்னிரண்டு வருஷமாக ஓலைப் பாயிலேயே படுத்துப் படுத்து இடுப்பு மரத்துப்போனதால், இந்த வருஷம்தான் தனக்கென்று ஒரு கட்டில் கேட்டிருந்தாள். அறை வாசலில் நின்று, இடுப்பில் கை வைத்து, சிறு பெண்ணைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு ஜெபே எட்டிப் பார்த்தாள். ஜெபே பாமாயில் காய்ச்சி விற்பவள். எண்ணெய் கொதிக்கிற நேரம் முழுக்கப் பேசிப் பேசிப் பழகிய வாய்.

கடைசி ஆப்பை அடித்துவிட்டு சஃபா எழுந்தான். இரண்டு உள்ளங்கைகளையும் பலகையில் ஊன்றி, தலைமாட்டில் அழுத்தினான், நடுவில் அழுத்தினான், கால்மாட்டில் அழுத்தினான்.

"நல்லா இருக்கும்மா. நான் வரேன்."

"என்னப்பா, உக்காரலையா?" என்றாள் மியாட்டா.

"கையாலயே பாத்துட்டேன்மா."

"கையால அமுக்கிப் பாக்க இது என்ன மாம்பழமா?" என்றாள் ஜெபே.

"முதுகு பிடிச்சிருக்கு அக்கா. குனிய முடியல."

"முதுகு பிடிச்சவன்தான் இத்தனை மரத்தையும் ஒரே நடையில சுமந்துட்டு வந்தியா? என் கட்டில்ல நீ உக்காந்த உக்காருக்கு என் புருஷன் இன்னும் என்னை ஒரு மாதிரியா பாக்கறார். இங்க மட்டும் என்னடா வெக்கம்?"

மியாட்டா சிரித்தாள். சஃபாவும் சிரித்து வைத்தான். உளியையும் சுத்தியலையும் பைக்குள் போட்டுக்கொண்டு, வெளியே மரவள்ளி இலை இடித்துக்கொண்டிருந்த பைந்துவின் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். அவள் உலக்கை ஒரு இடி தவறியது அவனுக்குக் கேட்டது.

பைந்து மியாட்டாவின் கடைசி மகள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்லித் தருகிறாள். அவளும் சஃபாவும் ஒருவரையொருவர் விரும்பத் தொடங்கிப் பத்து மாதமாகியிருந்தது. அறுவடை முடிந்ததும் கல்யாணம் என்று இருவருமாக முடிவு செய்துவிட்டார்கள். வேறு யாருக்கும் தெரியாது.

மியாட்டாவோ ஊரின் ஹுமோய் சங்கத்துக்குத் தலைவி. யார் யாரோடு சேரலாம், யாரோடு சேரக் கூடாது, யாருடைய படுக்கையில் யார் உட்காரக் கூடாது என்பதெல்லாம் அந்தச் சங்கத்தின் சட்டம். மீறினால் உடம்பு வீங்கும், கருத் தங்காது, கை கால் இழுத்துக்கொள்ளும். மீறியவர் தலைவியிடம் வந்து வாய்விட்டுச் சொன்னால், அவள் இலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, நெற்றியில் வெள்ளை மண் பூசி அனுப்புவாள். அந்தச் சட்டத்தில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த ஒன்று, மாமியார் படுக்கையில் மருமகன் உட்காரக் கூடாது என்பது.

கட்டில் கேட்டு மியாட்டா பட்டறைக்கு வந்த அன்றே சஃபாவுக்கு இது உறைத்தது. நான்கு மாதம் தள்ளிப் போட்டான். மரம் காயவில்லை என்றான், இழைப்புளி மழுங்கிவிட்டது என்றான். வேறு வழியில்லாமல்தான் கடைசியில் செய்தான். அவள் ஆற்றுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துப் பூட்டிவிட்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். கட்டில் வருகிற நாளில் எந்தப் பெண் ஆற்றுக்குப் போவாள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

சூனியம் என்ற சொல்லை முதல் நாள் யாரும் சொல்லவில்லை. ஜெபே எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி நின்ற பெண்களிடம் சிரிப்புக் கதையாகத்தான் சொன்னாள். மியாட்டாவைப் பார்த்துத் தச்சன் நடுங்கிவிட்டான் என்று நடித்துக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் நெல் கொட்டகையின் கூரை சரிந்துவிட்டதென்று கூப்பிட்டார்கள். சஃபா யோசிக்காமல் ஏறி, உத்திரத்தைத் தோளில் தாங்கிப் பொருத்திவிட்டு இறங்கினான். கீழே நின்ற பெண் ஒருத்தி, "முதுகு பிடிச்சிருக்குன்னாங்களே" என்றாள். அவன் தோளிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு நடந்தான்.

அப்போதிருந்துதான் கதை வேறு பாதையில் நடந்தது. முதுகு வலி இல்லையென்றால் வேறு என்ன? தச்சனுக்கு மரம் பேசுவது கேட்கும். பூட்டும்போதே கட்டில் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். இரவில் சிலருடைய ஆவி உடம்பை விட்டுக் கிளம்பி, ஊர் எல்லையில் இருக்கும் பெரிய இலவ மரத்துக்குப் போய்க் கூட்டம் கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்டவள் படுக்கையில் ஓர் ஆண் உட்கார்ந்தால் அவனுக்குப் பிள்ளை இருக்காது. நோயை எடுக்கத் தெரிந்த கைக்கு வைக்கவும் தெரியும்தானே? இப்படி ஒருவர் ஒரு வாய் சேர்க்க, ஐந்தாம் நாள் கதை முழுசாக எழுந்து நின்றது. மழைக்காலத்தில் எந்த வருஷமும் வருகிற குழந்தைக் காய்ச்சல் அந்த வாரம் மூன்று வீடுகளில் வந்திருந்தது. அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

எட்டாம் நாள் மாலையில் பைந்து கூடையோடு பட்டறைக்கு வந்தாள். அடுப்பெரிக்க மரச்சீவல் எடுத்துப்போக வருவது வழக்கம். அன்று கூடையைத் தரையில் வைத்தவள் சீவலைத் தொடவில்லை.

"இந்த வாரம் அம்மாகிட்ட ஒருத்தரும் வரல," என்றாள். "அடுத்த தெருவில மாசமா இருக்கிற பொண்ணு, அம்மா கழுவி விட்டுத்தான் அவளுக்குக் கருவே தங்கிச்சு. இன்னிக்கு அம்மா எதிர்ல வரதப் பாத்துட்டு வயித்த முந்தானையால மூடிக்கிட்டு வாய்க்காலைத் தாண்டிப் போயிட்டா. அம்மா பறிச்சு வச்ச இலையெல்லாம் காஞ்சு போச்சு, அதக் கொண்டுபோய்க் குப்பையில கொட்டினாங்க."

சஃபா இழைப்புளியைக் கீழே வைத்தான்.

"இன்னொண்ணு கேளு. ஆத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து சூனியம் பாக்கறவனை வரச்சொல்லித் தலைவர்கிட்டக் கேட்டிருக்காங்க. வெள்ளம் வடிஞ்சு படகு விட்டதும் ஆள் அனுப்பறதாப் பேச்சு. அவன் வந்து அம்மா முன்னாடி மணியை ஆட்டினான்னா முடிஞ்சுது. அப்புறம் இல்லைன்னு அவனே சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க."

"நான் போய்ச் சொல்லிடறேன் பைந்து. ஏன் உக்காரலைன்னு."

"சொல்லு. சொல்லிட்டு எங்க மாமாகிட்ட என்ன பதில் சொல்லப் போற?"

அதுதான் முடிச்சு. பைந்துவின் தாய்மாமன் லஹாய், மோவா ஆற்றின் அக்கரையில் கொக்கோத் தோட்டம் வைத்திருப்பவர். தாய்மாமன் வாயால் வாழ்த்தாத கல்யாணம் அங்கே கல்யாணமே அல்ல. பெண்ணைப் பெற்றவளுக்கு முன்னால், ஊருக்கு முன்னால், முதல் சொல் அவர் காதில்தான் விழ வேண்டும். பைந்துவின் அக்கா யேமாவின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் அவசரப்பட்டு மியாட்டாவிடம் முதலில் பேசிவிட்டார்கள். லஹாய் மாமா ஒன்றும் சபிக்கவில்லை. வாழ்த்தவில்லை, அவ்வளவுதான். நான்கு வருஷம் யேமாவுக்குக் குழந்தை இல்லை. ஓர் ஆட்டைக் கொண்டுபோய்க் கட்டி, மூன்று நாள் அவர் வாசலில் உட்கார்ந்து கெஞ்சிய பிறகுதான் அவர் அவள் உள்ளங்கையில் நீர் உமிழ்ந்து வாழ்த்தினார். அடுத்த வருஷம் இரட்டைக் குழந்தை.

"நீ பேசாம அன்னிக்கு உக்காந்திருக்கலாம்," என்றாள் பைந்து.

"உக்காந்துட்டு?"

"அப்புறம் அம்மாகிட்டச் சொல்லிக் கழுவிக்கிறது."

"தெரியாமத் தப்பு செஞ்சவனுக்குத்தான் தண்ணி. தெரிஞ்சே உக்காந்துட்டு, அப்புறம் கழுவிக்கலாம்னு நினைக்கிறவனுக்கு எந்த இலையில தண்ணி இருக்கு? உங்க அம்மாவே சொன்னது இது." அவன் ஒரு மரச்சீவலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே சொன்னான். "உக்காந்திருந்தா அன்னியோட உன்னை விட்டிருப்பேன். அதுக்கு என்னால முடியல."

பைந்து கூடையைக் காலால் தன் பக்கம் இழுத்தாள்.

"உக்காராம இருந்ததாவது ஒழுங்கா இருந்திருக்கலாம்ல. முதுகு பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டு மறுநாளே கூரை மேல ஏறுவியா? என் கிளாஸ்ல இருக்கிற பசங்ககூட உன்னைவிட நல்லாப் பொய் சொல்லுதுங்க."

"பழக்கமில்ல."

"அதான் கோவமே வரமாட்டேங்குது," என்று சொல்லிவிட்டுக் கூடையில் சீவலை அள்ளிப் போட்டாள். "படகு விட்டதும் நீதான் முதல்ல ஏறணும். மாமாவைப் பாத்துட்டு வந்துடு. அதுவரைக்கும் வாயத் திறக்காத."

ஆனால் மியாட்டா வெள்ளம் வடியும்வரை காத்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் தலைவரின் ஆள் பட்டறைக்கு வந்து, ஊர்க் கொட்டகைக்கு வரச்சொன்னான். சஃபா போனபோது கொட்டகையைச் சுற்றிப் பாதி ஊர் நின்றிருந்தது. நான்கு பக்கமும் திறந்த அந்தக் கொட்டகையின் நடுவில், வழக்குப் பேசுகிற இடத்தில், அவன் செய்த கட்டில் நின்றது. பகல் வெளிச்சத்தில் அந்த இலைக்கொடி வெட்கமில்லாமல் தெரிந்தது. ஒரு பக்கம் தலைவர் கைகாய் சாய்வு நாற்காலியில் இருந்தார். மறுபக்கம் ஹுமோய் சங்கத்துப் பெண்கள் ஆறு பேர். கட்டிலின் தலைமாட்டில் மியாட்டா. ஏழு பேர் தலையிலும் வெள்ளைத் துணி, மியாட்டாவின் நெற்றியில் வெள்ளை மண். பைந்து ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஊர்ல ஒரு பேச்சு நடக்குது," என்றாள் மியாட்டா. அவள் குரலை உயர்த்தவில்லை. "என் முகத்துக்கு நேரா யாரும் சொல்லல. சொல்லாத பேச்சுக்கு நான் எப்படிப் பதில் சொல்றது? அதான் கட்டிலையே கொண்டுவந்துட்டேன். நான் இதுல எட்டு ராத்திரி படுத்தாச்சு. சஃபா, எல்லார் கட்டில்லயும் உக்கார மாதிரி இதுலயும் உக்காந்து காட்டுப்பா. எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாக்கப் போகட்டும்."

சஃபா கட்டிலின் அருகில் வந்து நின்றான். ஒரு கணம்தான் வேலை. உட்கார்ந்தால் அவள் பெயர் கழுவப்பட்டுவிடும். இன்று மாலைக்குள் அவள் வாசலில் கழுவிக்கொள்ள ஆட்கள் வந்துவிடுவார்கள். ஆனால் பைந்துவை விட்டுவிட்டு அவன் தினமும் அந்த வாசல் வழியாகவே பட்டறைக்கு நடக்க வேண்டும்.

"கொட்டகைத் தரை வேற, வீட்டுத் தரை வேற," என்று முனகினான். "இங்க உக்காந்து பாத்து..."

"பாத்தீங்களா," என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. அடுத்த தெருக்காரன் ஒருவன். "இப்பவும் மாட்டேங்கறான். உயிர்ப் பயம் யாருக்குத்தான் இல்ல."

ஓரிருவர் பின்னால் நகர்ந்தார்கள். குழந்தையைத் தூக்கி வைத்திருந்த ஒருத்தி அதன் முகத்தைத் தன் தோளில் புதைத்துக்கொண்டாள். சஃபா தலை நிமிர்ந்தபோது மியாட்டாவின் கை கண்ணில் பட்டது. முகத்தில் ஒன்றும் இல்லை. கட்டைவிரல் மட்டும் தலைமாட்டுப் பலகையின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தது. அவன் உப்புத்தாள் போட்டு மூன்று நாள் தேய்த்த விளிம்பு. ஊரில் எத்தனையோ பேரின் அவமானத்தைக் கேட்டுக் கழுவி, வெளியே ஒரு சொல் விடாத கை அது. இப்போது பிடித்துக்கொள்ள அதற்கு ஒரு பலகைதான் இருந்தது.

"என்னால உக்கார முடியாது," என்றான் சஃபா, எல்லோருக்கும் கேட்கும்படி. "சட்டம் இடம் கொடுக்காது."

"எந்தச் சட்டம்?" என்றார் தலைவர்.

"ஹுமோய் சட்டம்."

ஹுமோய் சட்டத்தில் கட்டிலைப் பற்றி என்ன இருக்கிறது என்று எல்லோரும் ஒரே நேரத்தில் யோசித்தார்கள். பிறகு, மியாட்டாவுக்குக் கல்யாணமாகாத மகள் எத்தனை என்று யோசித்தார்கள். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. தலைகள் ஒவ்வொன்றாகத் தூண் பக்கம் திரும்பின. பைந்து தூணுக்குப் பின்னால் மறையப் பார்த்தாள். தூண் ஒல்லி.

"ஓ," என்றாள் ஜெபே.

மியாட்டா மட்டும் மகளைப் பார்க்கவில்லை. நெற்றி மண் உதிராத அளவுக்கு மெதுவாக நிமிர்ந்து நின்றாள்.

"சஃபா, இப்ப நான் பைந்துவோட அம்மாவாக் கேக்கல. சங்கத்துத் தலைவியாக் கேக்கறேன். என் மகளோட பாயில படுத்திருக்கியா?"

"இல்லம்மா."

"பைந்து?"

"இல்லம்மா," என்றாள் பைந்து தூணிலிருந்து. "அவர் என் கையைக்கூடத் தொட்டதில்ல. தண்ணி கொடுத்தா நான் குடுவையோட இந்தப் பக்கம் பிடிச்சிருந்தா அவர் அந்தப் பக்கம் பிடிப்பார். எனக்கே அலுத்துப் போச்சு."

சிரிப்பு கிளம்பியது. மியாட்டா கையைத் தூக்கினாள், அடங்கியது.

"அப்படின்னா இன்னிக்கு உனக்கும் எனக்கும் எந்த உறவும் இல்ல. சட்டம் உன்னைக் கட்டாது. நீ தாராளமா உக்காரலாம்."

சஃபா இதற்குப் பதிலை எட்டு இரவாக யோசித்து வைத்திருந்தான். "இன்னிக்குக் கட்டாதும்மா. அறுவடை முடிஞ்சதும் கட்டும்னு நம்பிக்கிட்டிருக்கேன். அப்பவும் இதே கட்டில்தானே இருக்கும்? நான் செய்யற கட்டில் முப்பது வருஷம் நிக்கும். நீங்க தினமும் இதுலதான் படுப்பீங்க. என்னிக்காவது உங்களுக்குக் கால் வீங்கினா, நான் அன்னிக்கு உக்காந்ததாலயோன்னு எனக்குத் தோணும். அப்புறம் நான் உங்க வீட்டுல எப்படிச் சாப்பிடுவேன்? லஹாய் மாமாகிட்டச் சொல்லாம உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுதான் வாய மூடிக்கிட்டிருந்தேன். உங்களைச் சூனியக்காரின்னு சொல்றதக் கேட்டுட்டு இதுக்கு மேல முடியல. தப்புன்னா தண்டனை சொல்லுங்க."

முப்பது வருஷமாக மியாட்டாவிடம் வந்தவர்கள் எல்லோரும் செய்துவிட்டு வந்தவர்கள். செய்துவிடுவோமோ என்று முன்கூட்டியே பயந்து வந்தவன் ஒருத்தனும் இல்லை. அவள் சங்கத்துப் பெண்கள் பக்கம் திரும்பினாள். ஏழு வெள்ளைத் துணிகளும் ஒன்றாகக் குனிந்தன. நடுவில் யாரோ களுக்கென்று சிரித்ததும், யாரோ அவளைக் கிள்ளியதும் வெளியே கேட்டது.

மியாட்டா நிமிர்ந்தாள். "மனசால மருமகனா ஆயிட்டவன் உடம்பால உக்காரக் கூடாது. சஃபா செஞ்சது சரி. இது இனிமே இந்தச் சங்கத்தோட தீர்ப்பா இருக்கட்டும். தாய்மாமனுக்கு முன்னாடி ஊருக்குச் சொன்னது தப்புதான். அது எங்க குடும்பத்துக்குள்ள. அதை நாங்க பாத்துக்கறோம்."

தலைவர் கைகாய் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். "பொண்ணு கேக்க மாப்பிள்ளை கோலாக் காயைத் தூக்கிட்டு வந்து பாத்திருக்கேன். மாமியாரே கட்டிலைத் தூக்கிட்டு வந்து மாப்பிள்ளை பிடிச்சது இந்த ஊர்ல இதான் முதல் தடவை."

இந்த முறை மியாட்டா சிரிப்பை அடக்கச் சொல்லவில்லை.

"இருங்க, இருங்க," என்று ஜெபே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். எண்ணெய்க் கறை படிந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நான் சிரிக்கச் சொன்ன கதைதான் இவ்வளவு தூரம் வளந்துச்சு. மியாட்டா, உன் மூஞ்சிய எப்படிப் பாக்கறதுன்னு நாலு நாளா ராத்திரி தூக்கமில்ல எனக்கு. யாராவது உக்காந்துதானே ஆகணும்? நான் உக்காரறேன். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா ஊருக்கும் நல்லது, கொஞ்சம் அமைதியா இருக்கும்."

தலைமாட்டில் பொத்தென்று உட்கார்ந்தாள். எழுந்து நடுவில் உட்கார்ந்தாள். கால்மாட்டில் உட்கார்ந்தாள். டக் என்றது கட்டில். எல்லோருக்கும் கேட்டது.

"தரை சரியில்ல," என்று ஜெபே அவசரமாகச் சொன்னாள்.

சஃபாவுக்குத் தெரியும், அது தரை இல்லை. இடது பக்கக் கால் ஒரு அரிசியளவு குட்டை. பதினொரு வருஷத்தில் முதல் நொண்டிக் கட்டில், அதுவும் மாமியாருக்கு, அதுவும் ஊர்க் கொட்டகையின் நடுவில். சூனியத்தைப் பற்றி யாரும் பிறகு பேசவில்லை. தச்சன் காதலில் விழுந்ததில் கை தடுமாறிவிட்டது என்பது எல்லோருக்கும் அதைவிடச் சுவையான கதையாக இருந்தது. சாயங்காலம் அந்தக் கர்ப்பிணிப் பெண் ஒரு கூடை மிளகாயோடு மியாட்டாவின் வாசலில் வந்து நின்றாள். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. கால் வீக்கம் அதிகமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். மியாட்டா புது இலை பறிக்கப் போனாள்.

மறுநாள் சஃபா உளியோடு வந்து, தரையில் மல்லாந்து, கட்டிலின் அடியில் நுழைந்தான். ஒரு தோல் துண்டை மடித்துக் காலுக்கு அடியில் வைத்துத் தட்டினான். அப்போது மியாட்டா அறைக்குள் வந்தாள். அவனுக்கு அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. அவன் வெளியே வரப் பார்த்தான்.

"அங்கேயே இரு," என்றாள். "மருமகன் முகத்தப் பாத்துப் பேசக் கூடாத பேச்சு கொஞ்சம் இருக்கு. இது வசதியா இருக்கு."

அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். பலகை அவன் மூக்குக்கு மேல் லேசாக வளைந்து நின்றது. சத்தம் இல்லை.

"தண்ணி வடியுது. நாளன்னிக்குப் படகு விடறாங்க. ஒரு கோழியும் அரிசியும் கட்டி வச்சிருக்கேன், எடுத்துக்கிட்டு லஹாய்கிட்டப் போ. ஊரெல்லாம் கேட்டதுக்கப்புறம் உங்ககிட்டச் சொல்ல வரேன்னு ஆரம்பிக்காத. உங்க அக்காவை ஊர்ல சூனியக்காரின்னு சொன்னாங்கன்னு ஆரம்பி. ரெண்டு வயசுலேர்ந்து என் முதுகுல வளந்தவன். அதக் கேட்டதும் கத்திய எடுத்துக்கிட்டுக் கிளம்புவான். அவனைப் பிடிச்சு உக்கார வச்சு, நீ அதை எப்படி நிறுத்தினேன்னு சொல்லு. அப்புறம் பாரு, வாழ்த்தறதுக்கு அவனே உன்கூடப் படகுல வருவான்."

"சரிம்மா."

அவள் எழுந்து நடுவில் உட்கார்ந்தாள். "கெனமாவுக்கு அழைச்சுட்டுப் போயிடுவியா? அங்க தச்சனுக்கு வேலை அதிகமாம். நாலு பொண்ணும் வெளியூர்ல இருக்கு. இவ ஒருத்திதான் இங்க."

அவன் தோல் துண்டை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினான். மியாட்டாவின் குதிகால் தரையில் அசையாமல் இருந்தது.

"என் பட்டறை எங்கேயும் போகலம்மா. அவ பள்ளிக்கூடமும் இங்கதான் இருக்கு. உங்க கிணத்துல கயிறு அறுந்தா எனக்குப் பட்டறையிலேயே கேக்கும்."

மேலே ஒரு நீண்ட மூச்சு கேட்டது. அவள் எழுந்து, கால்மாட்டில் வந்து, ஜெபேயைப் போலவே பொத்தென்று உட்கார்ந்தாள்.

"கேக்குதா?"

"இல்லம்மா. நின்னுடுச்சு."

"நல்லது. அப்ப அடுத்த கட்டிலைச் செய்ய ஆரம்பி. பைந்துவுக்கு. அதுல நீ எவ்வளவு வேணும்னாலும் உக்காரு."

வெளியே உலக்கைச் சத்தம் சட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, முன்னைவிட வேகமாக, மறுபடி தொடங்கியது.